சோடியாட்டம்

லண்டனிலிருந்து வந்த கொட்வின், பலெர்மோ விமான நிலையத்திலிருந்து நேரே போட்டி மண்டபத்துக்கு ஓடி வந்து அக்கா புனிதமலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சக்கரச் சப்பாத்துச் சறுக்காட்டத்தில், தனியாட்டத்துக்கு மூன்று முறை சிசிலிச் சம்பியனான அக்கா மகள் ஜூலி, இன்றைக்கு முதன்முறையாகச் சோடியாட்டத்தில் இறங்குகிறாள்.

“தனிய ஆடி வெண்டவளுக்கு இந்த இத்தாலிப் பெடியன் என்னத்துக்கு, அக்கா? ஆட முன்னமே கையை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். சனம் கதைக்காதோ?”

“மார்க்கோ நல்ல பெடியன். நீ முதல் ஆட்டத்தைப் பார்.”

இசை எழுந்தது. இருவரும் ஒரே உடம்பாய்ச் சுழன்றார்கள். மார்க்கோ அவளைத் தலைக்கு மேலே தூக்கியபோது கொட்வின் தன்னை மறந்து எழும்பிவிட்டான்.

முதலிடம்! மண்டபமே அதிர்ந்தது.

“ஜூலி! ஜூலி!” என்று தொண்டை கிழியக் கத்தினான். அவள் திரும்பவில்லை. மார்க்கோ தோளைத் தொட்டுத் திருப்பிய பிறகுதான் சனத்தைப் பார்த்தாள்.

“போன வருசம் வந்த காய்ச்சலோட அவளுக்குக் காது கேக்காமல் போட்டுது, தம்பி. போனில சொல்ல எனக்கு மனம் வரேல்லை. தாளத்தை அவன்தான் கையை அமத்தி அமத்திச் சொல்லிக் குடுக்கிறான்.”

கொட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாங்கின்மேல் ஏறி, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினான். ஜூலி மாமாவைக் கண்டுவிட்டாள். துள்ளிக்கொண்டு மார்க்கோவின் கையை உயர்த்திக் காட்டினாள்.