வியாழக்கிழமைப் புள்ளி

"அப்பன் உள்ள உசுருக்குப் போராடுதான். மக இங்கன உக்காந்து கணக்கு போடுதா! நல்லாருக்கு மைனி நீங்க பிள்ளை வளத்த லட்சணம்!"

சுரண்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய நிர்மலாதேவி, தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டாள். உள்ளே டெங்குவில் கிடப்பது குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருந்த அவள் அண்ணன் இசக்கிராஜா. ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

மைனி சங்கரேஸ்வரி, இசக்கிராஜாவின் மனைவி, பிரிக்காத இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

மகள் மீனா, பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருஷம். கிராஃப் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினால்தானே! கல்நெஞ்சக்காரி.

"ரிப்போர்ட் வாங்கிட்டியாட்டி?" என்றாள் சங்கரேஸ்வரி. "எனக்குக் கேக்கவே பயமா இருக்கு."

"வாங்கிட்டேம்மா. பிளேட்லெட்டு திங்கக்கிழமை தொண்ணூத்தஞ்சாயிரம். செவ்வாய் எம்பது. நேத்து அறுவது. இன்னைக்கு அம்பத்திரண்டு."

"ஐயோ, இன்னும் இறங்குதே!"

"இறங்குதுதான். எப்படி இறங்குதுன்னு பாரு. முதல்ல பதினஞ்சு குறைஞ்சுது, அப்புறம் இருவது. இன்னைக்கு வெறும் எட்டு. இதுவரைக்கும் குப்புற வளைஞ்ச கோடு, இங்கன நிமிர ஆரம்பிச்சிட்டு. இதுக்குப் பேரு வளைவு மாற்றப் புள்ளி."

"அப்போ ஏறுமா?"

"உடனே ஏறாதும்மா. இன்னும் கொஞ்சம் இறங்கிட்டுத் திரும்பும். அதான் திருப்புமுனை."

"கட்டாயம் திரும்புமாட்டி?" என்றாள் நிர்மலா.

"திரும்பணும் அத்தை."

"தாயே, முப்பிடாதி!" சங்கரேஸ்வரி கும்பிட்டாள். பொட்டலத்தைப் பிரித்து இரண்டு இட்லி தின்றாள். தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள்.

நிர்மலாவுக்கு ஆறவில்லை.

"ஏட்டி, ஒனக்குக் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலியே! கோடு போட்டா அண்ணன் பொழைச்சிருவானா?" என்று நோட்டைப் பிடுங்கினாள்.

உள்ளேயிருந்து லேப் சீட்டு விழுந்தது. இசக்கிராஜா. இன்றைய தேதி. பிளேட்லெட் இருபத்தெட்டாயிரம்.

நிர்மலா சீட்டைக் குனிந்து எடுத்து, எண்ணை இன்னொரு தடவை படித்தாள்.

"அத்தை, அம்மாட்ட சொல்லிராதீங்க." மீனா குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "டாக்டர் பாத்துட்டாங்க, பிளேட்லெட் ஏத்தப் போறாங்க. அம்மா ரெண்டு நாளா சாப்பிடல. அவளும் விழுந்துட்டா நான் யாரைப் பாப்பேன்? எனக்கு ரொம்பப் பயமா இருக்கு அத்தை."

சங்கரேஸ்வரி செம்போடு திரும்பி வந்தாள். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"என்ன நிர்மலா, ஒரு மாதிரி நிக்கே? மீனா சொன்ன கணக்கு ஒனக்குப் புரியலியா?"

நிர்மலாதேவி சீட்டை உள்ளங்கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

"புரிஞ்சிட்டு மைனி. கோடுதான் வளைஞ்சிட்டுல்லா! இன்னொரு இட்லி சாப்பிடுங்க."