நின்றுவிட்ட வாழை

புயல் அடித்தபோது முயலம்மா தன் வாழைத் தோட்டத்தை விட்டு நகரவில்லை. மரங்களுக்குச் சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்தாள்; கம்பு போதாத இடத்தில் தன் முதுகையே கொடுத்தாள். மரங்கள் நின்றன. ஆனால் வேர் அழுகி, குலையெல்லாம் கறுத்துவிட்டது. இனி நிவாரணம் வந்தால்தான் புதுக் கன்று நடலாம், குட்டிகளுக்கும் சாப்பாடு.

கணக்கெடுக்கக் கொக்கு வந்தது. சேற்றிலேயே வளர்ந்த கொக்குதான். அதிகாரியானதும் வரப்பை விட்டு இறங்க மனசு வரவில்லை.

"பக்கத்துத் தோட்டத்து எருமையண்ணனுக்கு எல்லா மரமும் விழுந்துடுச்சு, எழுதிட்டேன். உங்களுக்குத்தான் நிக்குதேம்மா."

"அவர் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கினார், ஐயா! கொஞ்சம் கிட்ட வந்து குலையைப் பாருங்க."

"விழுந்த மரத்துக்குத்தான் நிவாரணம். நிக்கிற மரத்துக்கு விதியில இடமில்லை."

முயலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் முட்டுக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். மரங்கள் சடசடவென்று சரிந்தன.

"விழுந்தாச்சு. எழுதுங்க!"

கொக்கு கழுத்தை நீட்டியது. "இது புயல்ல விழலையே. நீங்கதான் சாய்ச்சீங்க. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

"அட, கண்ணு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் முயலம்மா.