இடம் மாறக்கூடாது

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், பல வருடங்களுக்கு முன் டெஸ்ட் மேட்ச் பார்க்க மைதானத்தில் உட்கார்ந்த அதே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். இத்ரீஸ், தணிகைவேல், ஒரு காலி நாற்காலி, நான். அந்த நாற்காலிக்குரிய சபாபதி உள்ளே கிடந்தான். அவனுக்கு எங்களைத் தவிர ஆளில்லை. டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார்.

"ஓப்பனிங் வந்தவன், மொத பந்தையே இறங்கி வந்து தூக்குனான்டா ரணதிவே," என்றான் தணிகைவேல். "பௌலர் மூஞ்சியப் பாக்கணுமே."

"தொண்ணூத்தாறு. இந்த மூதேவி மட்டும் ஒண்ணுக்குப் போகாம இருந்திருந்தா நூறு," என்றான் இத்ரீஸ்.

நம் ஆள் அடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் இடம் மாறக்கூடாது. அது எங்கள் சட்டம். அன்று சபாபதி எழுந்தான், ரணதிவேயின் ஸ்டம்பு பறந்தது. அதைச் சொல்லியே அவனை இத்தனை காலம் திட்டினோம். அவனும் மறுத்ததில்லை.

இன்று காலையிலிருந்து நாங்கள் எழவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். "சபாபதி கூட வந்தவங்க யாரு? கண்ணு முழிச்சிருக்காரு, யாரையோ தேடுறாரு. பாக்கறதுன்னா இப்பவே பாத்துருங்க. ரொம்ப நேரம் தாங்காது."

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினேன். காலி இடத்தைத் தாண்டிக் கையை நீட்டி, தணிகைவேல் என் தொடையை அழுத்தினான்.

"அசையாதடா."

"உங்களைத்தாங்க கேக்குறேன்," என்றார் நர்ஸ்.

தணிகைவேல் அவர் பக்கம் திரும்பவில்லை. "ரெண்டாவது பந்து," என்று ஆரம்பித்தான். "அதையும் இறங்கித்தான் அடிச்சான்."