ஊருக்குப் போறது

விடுதி அறைக்கூரையில் ஒட்டியிருந்த கருவிக்குப் பெண்கள் வைத்த பெயர் மாமியார். 'அரியர்', 'கட்' என்று ஏதாவது அதன் காதில் விழுந்தால் போதும், அடுத்த நிமிடம் சொன்னவளின் அப்பா போனுக்குத் தகவல் போய்விடும். அதனால் திங்கட்கிழமைதோறும் மூன்றாம் மாடி முழுவதற்கும் புதுச் சொற்கள் கண்டுபிடிப்பது மெர்லின் தலையில் விழுந்திருந்தது. ஒரே வாரத்தில் மாமியார் அதையும் கற்றுக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. அவளுக்கு அலுத்துவிட்டது. இந்த வாரம் அரியருக்கு 'அப்பளம்', கட் அடிப்பதற்கு 'ஊருக்குப் போறது' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

புதன்கிழமை காலை அறைத்தோழி தாட்சாயணி அவளை உலுக்கினாள். "மெர்லின், நாலு அப்பளம்டி. இனிமே என்னால முடியாது. நான் ஊருக்குப் போறேன்."

"போயிட்டு வா. அட்டெண்டன்ஸ நான் பாத்துக்கறேன்" என்று கண்ணைத் திறக்காமலே போர்வையை இழுத்துக்கொண்டாள் மெர்லின்.

தாட்சாயணி அவள் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். பிறகு, "சரிடி" என்றாள்.

மாலையில் மெர்லின் வந்து பார்த்தால் எதிர்க்கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. அதன்மேல் கல்லூரி அடையாள அட்டை. அலமாரி காலி.

நிஜமாகவே ஊருக்குப் போகிறவள் சொல்லிக்கொண்டு போக, மெர்லின் ஒரு சொல்லையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.