தெய்வசிகாமணியின் பிறந்தநாள்

கேக்கை இரண்டு துண்டாக வெட்டி இரண்டு தட்டில் வைத்துவிட்டு, வீட்டுக்காரர் ட்ரூஸ் அம்மாள் எழுந்து நின்று கையை நீட்டினார்.

"உன் அப்பாவுக்காக வாழ்த்துகள்."

அவளும் எழுந்தாள். கையைக் கொடுத்தாள்.

"நன்றி."

இந்த நாட்டு வழக்கம் அது. பிறந்தநாள் ஒருவருக்கென்றால் வாழ்த்து வீட்டில் எல்லோருக்கும். மகளுக்கு, மருமகனுக்கு, சும்மா வந்து உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட. டச்சு வகுப்பில் மூன்றாம் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவளும் எழுதிக்கொண்டாள்.

அப்பா இறந்து எண்பத்திரண்டு நாளாகிறது.

ட்ரூஸ் அம்மாளுக்குத் தெரியாது. இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

அவளுக்குத்தான் கடைசியாகச் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிய பிறகு தம்பி கூப்பிட்டான்.

"மொதல்ல உக்காருக்கா. உனக்குப் பரீட்ச நடந்துச்சுல்ல, அம்மாதான் சொல்ல வேணாம்னுட்டாங்க."

தெருவில் பூ விற்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேஸ் சிலிண்டர் போடுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற மகள் அந்தப் பதினாறு நாளும் புள்ளியியல் படித்துக்கொண்டு, கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோழிக்குழம்புக்காக அவள் இன்னும் யாரையும் மன்னிக்கவில்லை. தன்னையும்தான்.

இனிமேல் வந்து என்ன செய்யப்போகிறாய் என்று அம்மா கேட்டாள். அவள் போகவில்லை.

ஆகவே, அப்பா செத்துப்போய்விட்டார் என்று அவள் தன் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. தமிழில் சொல்ல ஆளே மிச்சமில்லை. எல்லோரும் முந்திக்கொண்டார்கள். முதல்முறை சொல்வதென்றால் டச்சில்தான் சொல்லியாக வேண்டும்.

அதற்கு மனம் வரவில்லை.

"எத்தனை வயது ஆகிறது?"

"அறுபது."

ஐம்பத்தொன்பதோடு போன மனிதருக்கு ஒரு வயதைக் கூட்டிக் கொடுத்தாள். வருகிற ஆவணியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம் வைப்பதாக இருந்தார்கள். அம்மாவுக்குக் கூறைப்புடவைகூட எடுத்தாயிற்று.

கேக் நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை.

தேதியைக் கொடுத்ததும் அவள்தான். இங்கே வீட்டுக்கு வீடு கழிப்பறைக்குள் ஒரு நாட்காட்டி தொங்கும். கிழமை கிடையாது, வருடம் கிடையாது, பிறந்தநாள்கள் மட்டும். செப்டம்பரில் குடிவந்த அன்றே ட்ரூஸ் அம்மாள் பென்சிலை நீட்டி, உன் வீட்டாரையும் எழுது என்றார். அப்பா பிறந்தது ஆவணியில். நட்சத்திரம் தெரியும், தேதி தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட ஜூன் ஒன்றில் எழுதினாள். கோடு சின்னது, பெயர் பெரியது. தெய்வசிகாமணியின் வால் இரண்டாம் தேதிக்குள் இறங்கிவிட்டது.

அடுத்த மாதமே அவள் ஒரு காரியம் செய்தாள். அன்றைய தேதியில் ஹெங்க் என்று ஒரு பெயரைப் பார்த்துவிட்டு, ஓடிவந்து ட்ரூஸ் அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஹெங்க்குக்காக வாழ்த்துகள்! திணறாமல் சொன்ன முதல் டச்சு வாக்கியம். பெருமை தாங்கவில்லை.

ட்ரூஸ் அம்மாள் நன்றி என்றார். பிறகு அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் போட்டிருந்த சின்னச் சிலுவையைக் காட்டினார்.

கணவர். ஆறு வருடமாகிறது. செத்தவர்களின் பெயரை இங்கே அழிப்பதில்லை.

"இதைப் போட்டுவிட்டால் வாயால் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

அன்று பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. இன்று அந்தப் பேச்சு மட்டும் காதில் நிற்கிறது.

தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டாள்.

ஜூன்.

பென்சில் நூலில் தொங்கியது.

அப்பா நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். தன் பெயருக்குப் பக்கத்தில் சிலுவையைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்? சிரித்திருப்பார். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். வேறு அடையாளம் எதுவும் இந்த வீட்டுக்குத் தெரியாது.

ஒரு கோடு போட்டாள்.

குறுக்கே இன்னொன்று. அது கொஞ்சம் நீண்டுவிட்டது.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ட்ரூஸ் அம்மாள் ஏதோ மழையைப் பற்றிச் சொன்னார். அவள் தலையாட்டினாள். பிறகு அவர் தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போனார்.

தாழ்ப்பாள் விழுந்தது.

முதல்முறையாக அவள் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறாள்.

காபி ஆறியது.

தண்ணீர் விடும் சத்தம் கேட்கவில்லை. கதவும் திறக்கவில்லை.