பத்தாவது பிள்ளை

"பத்துப் பிள்ளைக இல்லாட்டி பள்ளிக்கூடத்த மூட வேண்டியதுதான். இங்கன ஒம்பதுதானே இருக்கு?" என்றார் கல்வி அதிகாரி சோணைமுத்து.

தலைமையாசிரியை ஹெலன் பதில் சொல்வதற்குள், மகளைக் கையில் பிடித்தபடி சத்யப்பிரியா உள்ளே வந்தாள்.

"பத்தாவது பிள்ள இந்தா இருக்கு டீச்சர். ஒண்ணாங்கிளாசுல சேத்துக்கங்க."

சோணைமுத்து அவளைப் பார்க்காமல் ஹெலனிடம் சொன்னார். "கடலுக்குப் போறவன் பிள்ளைகளோட உக்காந்து இவ என்னத்தப் படிப்பா? ராமநாதபுரத்துல நல்ல ஸ்கூலா பாத்து நான் சேத்துவிடுறேன்."

"இவளும் கடலுக்குப் போறவரு பிள்ளதான். இங்கனதான் படிப்பா."

ஹெலனுக்குப் புரியவில்லை. "இந்தப் பிள்ளைய நீங்க எதுக்கு சார் சேத்துவிடணும்?"

சத்யப்பிரியாதான் பதில் சொன்னாள். "கடலுக்குப் போற கிளாட்சனக் கட்டுனேன்னு ஏழு வருசமா எங்கிட்டப் பேசாத எங்க அய்யா டீச்சர் இவரு. நீங்க பேர எழுதுங்க. அடுத்த தடவ வந்தா பேத்தியையும் சேத்து எண்ணிட்டுப் போகட்டும்."