வீட்டு விசாரணை

திருட்டு வழக்கில் சிக்கிக் கூர்நோக்கு இல்லத்தில் இரண்டு வருடமாக இருக்கும் சுகப்பிரியாவை வீட்டுக்கு அனுப்பலாமா என்று விசாரிக்க, நன்னடத்தை அலுவலர் ஜெசிந்தா அவள் வளர்ந்த வீட்டுக்கு அம்மாவைத் தேடிப் போனார். இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்த அம்மா, உள்ளே ஓர் ஆண் இருமியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்ப கட்டியிருக்கறவருக்கு எனக்கொரு பொண்ணு இருக்கறதே தெரியாது மேடம். வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு எழுதிக்கங்க."

ஜெசிந்தா திரும்பி நடந்தார். அம்மா தெருமுனைவரை பின்னாலேயே வந்தாள். "அவளுக்குச் சளி புடிக்கும். பச்சத்தண்ணில குளிக்க விடாதீங்க."

மறுநாள் காலை சுகப்பிரியா தலைவாரிப் பொட்டு வைத்து, துணிகளைப் பையில் அடுக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

"அம்மா என்ன சொன்னாங்க மேடம்?"

ஜெசிந்தா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வீடு பூட்டியிருந்துச்சும்மா. அடுத்த வாரம் மறுபடி போய்ப் பாக்கறேன்."

சுகப்பிரியா பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் திரும்ப வைக்கத் தொடங்கினாள்.

"எங்க வீட்டுக் கதவுல பூட்டு மாட்டவே வழி கெடையாது மேடம்," என்றாள். "நீங்க அலைய வேணாம்."